டாவன்போர்ட்டில் கிளைத்த நூறு முறைகள்

முதுகுவலியோடு, முதுகெலும்பைக் கையால் தள்ளிச் சரிசெய்யும் கைரோபிராக்டரைத் தேடிப் போகிறவருக்கு இன்று முதலில் கிடைக்கும் அறிவுரை, தனக்கு ஏற்ற முறையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும் என்பது. கூடவே ஒரு பட்டியலும் வரும்: டைவர்சிஃபைட், கான்ஸ்டெட், தாம்ப்சன், ஆக்டிவேட்டர், லோகன், காக்ஸ், சாக்ரோ ஆக்சிபிடல், அப்ளைடு கினீசியாலஜி. இப்படிப் பெயர் சூட்டப்பட்ட முறைகள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. பட்டியலை நிதானமாகப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். இங்கே சொன்னவற்றில் பாதி ஆட்களின் பெயர்கள். ஒன்று கருவியின் பெயர். இன்ன வலிக்கு இது என்று சொல்லும் பெயர் ஒன்றுகூட இல்லை. மாத்திரைக் கடையில் நோயைச் சொல்லி மருந்து கேட்கிறோம்; இங்கே ஆசானின் பெயரைச் சொல்லிச் சிகிச்சை கேட்கச் சொல்கிறார்கள். இந்தப் பட்டியல் எப்படி உருவானது என்று பின்னோக்கிப் போய்ப் பார்த்தால் காரணம் புரியும். நோயாளிகளின் உடம்பு வகைவகையாக இருந்ததால் உண்டான பட்டியல் இல்லை இது. நீதிமன்ற வழக்குகளும், பள்ளிகளுக்குள் நடந்த சண்டைகளும், வாடகைக்கு விடப்பட்ட கருவிகளும் சேர்ந்து உருவாக்கியது. தொழிலின் பாகப்பிரிவினைப் பத்திரத்தைக் கையில் கொடுத்து, இதிலிருந்து மருந்தைத் தேர்ந்துகொள் என்று நோயாளியிடம் சொல்கிறோம் என்பதே என் வாதம்.

டேனியல் டேவிட் பால்மர் 1845இல் கனடாவின் ஒன்டாரியோவில், டொரன்டோவுக்குப் பக்கத்தில் பிறந்தவர். பள்ளி ஆசிரியர், தேனீ வளர்ப்பவர், மளிகைக் கடைக்காரர் என்று பல வேலை பார்த்தவர், கையிலுள்ள காந்த சக்தியால் நோயைத் தீர்ப்பதாகச் சொல்லும் வைத்தியராக 1887இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டாவன்போர்ட்டில், மிசிசிப்பி ஆற்றங்கரை ஊரில், தொழிலைத் தொடங்கினார். 1895 செப்டம்பரில், அவருடைய அறை இருந்த ரையன் பிளாக் கட்டடத்தின் துப்புரவுப் பணியாளர் ஹார்வி லில்லார்டு அவரிடம் வந்தார். பதினேழு ஆண்டாகக் காது சரியாகக் கேட்காதவர். முதுகில் துருத்திக்கொண்டிருந்த ஒரு முள்ளெலும்பை அழுத்தி இடத்துக்குக் கொண்டுவந்ததும் அவருக்குக் காது கேட்டது என்று பால்மர் எழுதினார். லில்லார்டின் மகள் பிற்காலத்தில் சொன்ன கதை வேறு: அப்பா வராந்தாவில் நண்பரோடு வேடிக்கையாகப் பேசிக்கொண்டிருந்தார், அதைக் கேட்டு ரசித்த பால்மர் கையிலிருந்த புத்தகத்தால் அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார், சில நாள் கழித்துக் காது கொஞ்சம் தெளிந்ததுபோல் அப்பாவுக்குத் தோன்றியது. எது நடந்திருந்தாலும், காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு மண்டையோட்டுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. முதுகெலும்பின் வழியாக அது போவதில்லை. பால்மரோ இதிலிருந்து கைரோபிராக்டிக் என்ற ஒரு முழுக் கொள்கையையே எழுப்பினார். முள்ளெலும்புகள் இடம் பிசகி நரம்பைத் தடுப்பதே நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நோய்களுக்குக் காரணம் என்றார். அந்தப் பிசகலுக்கு சப்லக்சேஷன் என்று பெயர்.

இந்தக் கொள்கையில் தேர்வுக்கு இடமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். காரணம் ஒன்று, பரிகாரமும் ஒன்று. காதானாலும் வயிறானாலும் இதயமானாலும், பிசகிய எலும்பைக் கண்டுபிடித்துக் கையால் தள்ளினால் போதும். ஒரே வழியைச் சொன்ன கொள்கையிலிருந்து நூறு வழிகள் எப்படி வந்தன? முதல் பதில் நீதிமன்றத்தில் கிடைக்கிறது. மூட்டுகளைக் கையால் அசைத்துச் சரிசெய்யும் வேலை பால்மர் கண்டுபிடித்தது இல்லை. ஐரோப்பாவில் எலும்பு கட்டுபவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்ததுதான் அது. 1867இலேயே ஜேம்ஸ் பேஜட் என்ற புகழ்பெற்ற லண்டன் அறுவை மருத்துவர், நம்மிடம் குணமாகாத சிலர் இவர்களிடம் குணமாவது ஏன் என்று தன் மாணவர்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறார். அமெரிக்காவிலும் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1892இல் மிசௌரி மாநிலத்துக் கிர்க்ஸ்வில்லில் ஆஸ்டியோபதிப் பள்ளியைத் திறந்துவிட்டார். ஆகவே பால்மர் நடத்திய பள்ளியின் மாணவர் ஒருவர் நோயாளியின் முதுகில் கை வைத்தால், உரிமமில்லாமல் மருத்துவம் பார்த்தார், உரிமமில்லாமல் ஆஸ்டியோபதி பார்த்தார் என்று வழக்குப் போட முடியும். போட்டார்கள்.

1907இல் விஸ்கான்சின் மாநிலத்து லா கிராஸ் ஊரில், ஷெகெதாரோ மோரிகுபோ என்ற ஜப்பானிய கைரோபிராக்டர் மீது வந்த வழக்கு இந்தத் தொழிலின் போக்கையே தீர்மானித்தது. உரிமமில்லாமல் ஆஸ்டியோபதி பார்த்தார் என்பது குற்றச்சாட்டு. வழக்கறிஞர் டாம் மாரிஸ் எடுத்துவைத்த வாதம் இதுதான்: இவர் செய்வது ஆஸ்டியோபதியும் இல்லை, மருத்துவமும் இல்லை, இது தனித் தத்துவம், தனிக் கலை, தனி அறிவியல், இவர் நோயைக் கண்டறிவதில்லை, முதுகெலும்பை ஆராய்கிறார், சிகிச்சை தருவதில்லை, பிசகலைச் சரிசெய்கிறார். மோரிகுபோ விடுதலையானார். அந்த வாதத்துக்குத் துணை நின்ற முக்கியமான நூல், முந்திய ஆண்டு சோலன் லாங்வொர்தியும் வேறு இருவரும் எழுதியது. லாங்வொர்தி அதே அயோவாவில் பால்மர் பள்ளிக்குப் போட்டியாகப் பள்ளி நடத்தியவர். ஆக, பால்மர் பள்ளியின் ஆட்களைக் காப்பாற்றிய தத்துவத்தைப் பெரும்பகுதி எழுதித் தந்தது எதிராளியின் பேனா. அன்று முதல், மற்றவர் செய்வதிலிருந்து நான் செய்வது வேறு என்று காட்டுவது கைரோபிராக்டருக்குச் சட்டப் பாதுகாப்பாகிவிட்டது. நோயாளிக்கு எது நல்லது என்ற கேள்விக்கு முன்னால், இது எதிலிருந்து மாறுபட்டது என்ற கேள்விக்கு விடை தயாராக இருந்தாக வேண்டும். இந்த வழக்கம் உள்ளேயும் புகுந்தது. வெளியாரிடமிருந்து தன்னைப் பிரித்துக் காட்டப் பழகிய தொழில், தனக்குள்ளேயும் ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக்காட்டத் தொடங்கியது.

அதற்கு முதல் களம், அந்த வழக்குக்கு முன்பே, பால்மரின் சொந்த வீடு. 1906இல் பால்மர் உரிமமில்லாமல் மருத்துவம் பார்த்த குற்றத்துக்காகச் சிறை சென்றார். சில வாரங்களில் அபராதத்தைக் கட்டிவிட்டு வெளியே வந்தார். பள்ளி மகன் பார்ட்லெட் ஜோஷுவா பால்மரின் கைக்குப் போனது. எல்லாரும் பி.ஜே. என்றே அழைத்த இந்த மகன்தான் தொழிலை வளர்த்தவர். அப்பாவும் மகனும் பகையாளிகளாகவே பிரிந்தார்கள்; 1913இல் அப்பா லாஸ் ஏஞ்சலஸில் இறந்தார். 1906இலேயே ஜான் ஹோவர்டு பால்மர் பள்ளியை விட்டு விலகி டாவன்போர்ட்டிலேயே நேஷனல் பள்ளியைத் தொடங்கி, இரண்டு ஆண்டில் அதைச் சிகாகோவுக்குக் கொண்டுபோனார். வழக்கறிஞராக இருந்த வில்லார்டு கார்வர் ஓக்லஹோமா சிட்டியில் இன்னொரு பள்ளி திறந்தார். பிசகிய ஒரு எலும்பைப் பார்த்தால் போதாது, முதுகெலும்பு முழுவதையும் ஒரு கட்டுமானமாகப் பார்க்க வேண்டும் என்பது கார்வரின் கட்சி. முதுகெலும்பைத் தவிர வேறெதையும் தொடாதவர்களுக்கு ஸ்ட்ரெய்ட், ஒத்தடம், உணவுமுறை, மின்சிகிச்சை எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டவர்களுக்கு மிக்ஸர் என்று பெயர் வந்தது. இந்தப் பள்ளிகளுக்கு அன்று பல்கலைக்கழகத்தின் அங்கீகாரமோ அரசின் நிதியோ கிடையாது. மாணவர் கட்டும் கட்டணமே வருமானம். அடுத்த ஊர்ப் பள்ளியிலும் கிடைக்கும் பாடத்தை வைத்து மாணவரை இழுக்க முடியாது. தனக்கென்று ஒரு முறை வேண்டும். மருத்துவக் கல்லூரியில் புதிதாக ஒன்று கண்டுபிடித்தால் அது ஆய்விதழில் வெளியாகி, நாலு பேர் செய்து பார்த்துச் சரியா தப்பா என்று சொல்வார்கள். இங்கே கண்டுபிடிப்பு பள்ளியின் சொத்து. அதைச் செய்து பார்த்துத் தவறென்று சொல்லும் வாய்ப்பு வெளியாள் எவருக்கும் இல்லை.

சொத்து என்று சொன்னதை அப்படியே பொருள்கொள்ளலாம் என்பதற்கு 1924இல் நடந்தது சாட்சி. அந்த ஆகஸ்டில் தன் பள்ளியின் பழைய மாணவர் கூட்டத்தில் பி.ஜே. ஒரு கருவியை அறிமுகப்படுத்தினார். நியூரோகேலோமீட்டர் என்று பெயர். உருவாக்கியவர் டோசா எவின்ஸ். கையில் பிடிக்கும் ஒரு சிறு கருவி. அதில் கவட்டை போல இரண்டு முனைகள், ஒவ்வொன்றிலும் வெப்பத்தை உணரும் உலோக இணைப்பு. முதுகெலும்புக்கு இருபுறமும் ஒவ்வொரு முனை படும்படி கழுத்திலிருந்து கீழே மெல்ல இழுத்துக்கொண்டு வரவேண்டும். இடப்பக்கத் தோலுக்கும் வலப்பக்கத் தோலுக்கும் வெப்பநிலை மாறுபட்டால் மீட்டரின் முள் ஒரு பக்கம் சாயும். முள் சாயும் இடத்தில் நரம்பு நெருக்கப்பட்டிருக்கிறது என்பது விளக்கம். இதை விலைக்கு வாங்க முடியாது, குத்தகைக்குத்தான் எடுக்கலாம். குத்தகை 2,000 டாலருக்கு மேல் போனது. அன்றைக்கு ஒரு புதிய ஃபோர்டு மாடல் டி காரை 300 டாலருக்குள் வாங்கிவிடலாம். இந்தக் கருவி இல்லாமல் சப்லக்சேஷனைச் சரியாகக் கண்டுபிடிக்கவே முடியாது என்றும் பி.ஜே. சொன்னார். அதுவரை கைவிரலை நம்பித் தொழில் செய்துவந்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரே நாளில் தங்கள் தொழிலே பயனற்றது என்று சொல்லப்பட்டதுபோல ஆயிற்று. பள்ளியின் முக்கிய ஆசிரியர்களில் நான்கு பேர் வெளியேறி 1926இல் இண்டியானாபோலிஸில் லிங்கன் கல்லூரியைத் தொடங்கினார்கள். 1920களின் தொடக்கத்தில் 2,000க்கு மேல் இருந்த பால்மர் பள்ளி மாணவர் எண்ணிக்கை சில நூறாகச் சரிந்தது. பி.ஜே. அதற்கும் அசையவில்லை. 1930களில் இன்னும் ஒரு படி போய், முதுகெலும்பு முழுவதையும் பார்க்கத் தேவையில்லை, கழுத்தின் உச்சியில் இருக்கும் இரண்டு எலும்புகளைச் சரிசெய்தால் போதும் என்று அறிவித்தார். இன்று மேல்கழுத்து முறைகள் என்ற வரிசையில் வருபவற்றுக்கெல்லாம் வேர் அங்கேதான் இருக்கிறது.

அடுத்த நாற்பது ஆண்டில் பிறந்த முறைகளுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு தனிமனிதரின் கைப்பழக்கம் இருக்கும், அல்லது ஒரு மேசையோ கருவியோ இருக்கும். பால்மர் பள்ளியில் 1923இல் பட்டம் பெற்ற கிளாரன்ஸ் கான்ஸ்டெட், விஸ்கான்சினின் மவுண்ட் ஹோரெப் என்ற சிற்றூரில் தொழில் பார்த்தார். நின்ற நிலையில் முதுகெலும்பு முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் 14 அங்குல அகலமும் 36 அங்குல நீளமும் கொண்ட எக்ஸ்ரே, அதன்மேல் பென்சிலால் இழுத்த கோடுகள், கழுத்துக்கு ஒரு நாற்காலி, மண்டியிட்டுக் குனிய ஒரு மேசை, இடுப்புக்கு ஒரு பெஞ்சு என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் கணக்கு இருந்தது. தூர தூரத்திலிருந்து வந்த நோயாளிகளுக்காக 1964இல் பெரிய சிகிச்சை நிலையம் கட்டினார். பக்கத்திலேயே தங்கும் விடுதி, சிறு விமானம் இறங்க ஓடுதளம்கூட இருந்தது. க்ளே தாம்ப்சன், தள்ளும்போது ஒரு பகுதி மட்டும் சிறிது கீழே இறங்கி அதிர்வைத் தாங்கிக்கொள்ளும் மேசையைக் கொண்டுவந்தார். ஹியூ லோகன் 1935இல் செயின்ட் லூயிஸில் கல்லூரி தொடங்கி, இடுப்பின் அடியில் ஒரு தசைநாரைக் கட்டைவிரலால் மெதுவாக அழுத்துவதே அடிப்படை என்றார். நெப்ராஸ்கா சிட்டியின் டிஜார்னெட் இடுப்புக்கு அடியில் சாய்வுக் கட்டைகளைச் செருகினார். மின்னசோட்டாவில் ஆர்லன் ஃபர், வாரன் லீ இருவரும் நாளெல்லாம் தள்ளித் தள்ளிக் கை ஓய்ந்துபோவதற்கு மாற்றுத் தேடினார்கள். பல் மருத்துவர் கடைவாய்ப் பல்லைப் பிளக்கப் பயன்படுத்தும் ஸ்பிரிங் கருவியை எடுத்துப் பார்த்ததில் தொடங்கிய அந்தத் தேடல் ஆக்டிவேட்டரில் வந்து முடிந்தது; 1978இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. டெட்ராய்ட்டின் ஜார்ஜ் குட்ஹார்ட் 1964இல், நோயாளியின் நீட்டிய கையை அழுத்திப் பார்த்துத் தசையின் வலுவைக் கொண்டு நோயைக் கணிக்கும் அப்ளைடு கினீசியாலஜியைத் தொடங்கினார். சோதிப்பவருக்கும் நோயாளிக்கும் விவரம் தெரியாதபடி மறைத்துச் செய்த ஆய்வுகளில் இந்தக் கையழுத்தக் கணிப்பு, குருட்டாம்போக்கில் சொல்வதைவிட மேலாக வரவில்லை. இந்த மனிதர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலோர் கடும் உழைப்பாளிகள். நோயாளிமேல் உண்மையான அக்கறை கொண்டவர்கள். ஆனால் ஒருவர் கைக்கு வசப்பட்டது, அவர் மாணவர்களின் கைக்கும் வந்து, பயிற்சி வகுப்பாகவும் சான்றிதழாகவும் மேசை விற்பனையாகவும் மாறும்போது, அது எந்த நோயாளிக்குப் பொருந்தும் என்ற கேள்வியைக் கேட்க அங்கே யாருக்கும் அவசியம் இருக்கவில்லை.

விதிவிலக்கு உண்டு, அதைச் சொல்லாமல் போவது நியாயமில்லை. ஜேம்ஸ் காக்ஸ் 1963இல் நேஷனல் கல்லூரியில் படித்து முடித்து இண்டியானாவின் ஃபோர்ட் வெய்னில் தொழில் பார்த்தவர். அவர் முன்னால் இருந்தது ஒரு குறிப்பிட்ட பிரச்சினை: டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதால் இடுப்பிலிருந்து கால்வரை இறங்கும் சயாட்டிகா வலி. இப்படிப்பட்டவரை வேகமாகத் திருகித் தள்ள அவருக்கு மனம் ஒப்பவில்லை. ஆஸ்டியோபதிக்காரரான மெக்மானிஸ் வடிவமைத்த பழைய மேசை ஒன்று இருந்தது. கால் பக்கம் கீழே மடங்கும். காக்ஸ் அந்த யோசனையை எடுத்துக்கொண்டார். குப்புறப் படுத்த நோயாளியின் இடுப்பில் ஒரு கையை வைத்து, மேசையின் கீழ்ப்பாதியை மெல்ல இறக்கி, முதுகெலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிவிடும் முறை உருவானது. நெட்டி முறியும் சத்தம் இதில் வராது. இங்கே நோய் முதலில் வந்தது, முறை பிறகு வந்தது. பங்காளிச் சண்டையில் எதிரணியாக நினைத்த ஆஸ்டியோபதியிலிருந்து எடுக்க அவர் தயங்கவும் இல்லை. பட்டியலில் உள்ள மற்றவையும் இப்படிப் பிறந்திருந்தால், முறையைத் தேர்ந்தெடு என்ற அறிவுரைக்குப் பொருள் இருந்திருக்கும்.

முறை எப்படிப் பிறந்தால் என்ன, இன்று வேலை செய்கிறதா என்பதுதானே கேள்வி என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. ஒரு மருந்தின் பிறப்பு அதன் பலனைத் தீர்மானிக்காது. சாயத் தொழிலிலிருந்து வந்த மருந்துகள் உயிர் காத்திருக்கின்றன. ஆகவே சோதனைகளைப் பார்ப்போம். 2003இல் வெளியான ஓர் ஆய்வில், கழுத்துவலியோடு வந்த 104 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு, எந்த மூட்டு இறுகியிருக்கிறது என்று விரலால் தேடிக் கண்டுபிடித்து அந்த மூட்டைச் சரிசெய்தார்கள். மற்றப் பிரிவினருக்கும் அதே பரிசோதனை நடந்தது. ஆனால் எந்த மூட்டைத் தள்ள வேண்டும் என்பதைக் கணினி கண்டபடி எடுத்துக் கொடுத்தது. தள்ளியவருக்கு அது தெரியாது. அன்றைய வலிக் குறைவிலும் இறுக்கக் குறைவிலும் இரண்டு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. 2004இல் கனடாவில் இன்னொரு குழு, 28 கைரோபிராக்டர்களைக் கொண்டு, நோக்கிய மூட்டில்தான் நெட்டி முறிகிறதா என்று தோலில் உணர்கருவி ஒட்டிப் பார்த்தது. இடுப்புப் பகுதியில் ஏறக்குறைய பாதி முறைதான் குறி தப்பாமல் விழுந்தது. தப்பியபோது சராசரியாக ஒரு முள்ளெலும்புக்குக் குறையாத தூரம். அதுவும் பெரும்பாலும் ஒரே தள்ளலில் பல மூட்டுகள் சேர்ந்து முறிந்தன. ஒவ்வொரு பள்ளியும் தன்னைத் தனியாக நிறுத்திக்கொண்டது எந்த எலும்பு, எந்தப் பக்கம், எத்தனை பாகை என்ற நுட்பத்தில். நோயாளிக்குக் கிடைக்கும் நிவாரணம் அந்த நுட்பத்தைச் சார்ந்து நிற்கவில்லை என்றால், பள்ளிகளைப் பிரித்த கோடுகளுக்கு உடம்பில் இடமில்லை என்றுதான் பொருள்.

வித்தியாசம் தெரிந்த சோதனையும் உண்டு. 2015இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகக் குழு, புதிதாக இடுப்புவலி வந்த 107 பேரை வைத்து, கையால் தள்ளுவது, ஆக்டிவேட்டர் கருவியால் தட்டுவது, வழக்கமான மருத்துவம் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டது. நான்கு வாரத்தில் கையால் தள்ளியதற்குத்தான் பலன் கூடுதல்; கருவிக்கும் வழக்கமான மருத்துவத்துக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் மூன்றாம் மாதம், ஆறாம் மாதம் பார்த்தபோது அந்த முன்னிலை கரைந்துவிட்டது. இதை நான் மறைக்க விரும்பவில்லை. முறைக்கு முறை ஒரு வேறுபாடும் இருக்கவே முடியாது என்பது என் வாதமில்லை. வேறுபாடு இருக்கிறதா என்று இப்படி நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வுகள் அரிது. அப்படிப் பார்த்தபோதும் கிடைத்த வித்தியாசம் சிறியது, சீக்கிரம் மறைவது. முதுகெலும்பைக் கையால் சரிசெய்வதன் பொதுப் பலனும் இதே அளவில்தான் இருக்கிறது. நாள்பட்ட இடுப்புவலி பற்றி 47 சோதனைகளைத் தொகுத்து 2019இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆய்வு, இது உடற்பயிற்சி முதலிய மற்ற பரிந்துரைக்கப்பட்ட சிகிச்சைகளுக்கு ஏறக்குறைய சமம் என்றது. பயனற்றது என்று அது சொல்லவில்லை. தனி மகிமை எதுவும் இல்லை என்றது.

இதற்கு எதிராக எழும் மிக வலுவான வாதம் வரலாற்றிலிருந்தே வருகிறது. கைரோபிராக்டர்கள் ஆய்வு செய்யவில்லை என்று குறை சொல்கிறீர்கள், செய்ய விட்டார்களா? அமெரிக்க மருத்துவச் சங்கம் 1963இல் போலி மருத்துவத்துக்கு எதிரான குழு ஒன்றை அமைத்து, இந்தத் தொழிலை அடியோடு ஒழிப்பதையே அதன் நோக்கமாக வைத்திருந்தது. கைரோபிராக்டரோடு சேர்ந்து வேலை செய்வது மருத்துவருக்கு ஒழுக்கக் குறைவு என்று விதி இருந்தது. செஸ்டர் வில்க்கும் வேறு சிலரும் 1976இல் தொடுத்த வழக்கில், பதினோரு ஆண்டு கழித்து நீதிபதி சூசன் கெட்செண்டானர் சங்கம் சட்டவிரோதமாகப் புறக்கணிப்பு நடத்தியது என்று தீர்ப்பளித்தார். 1990இல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. மருத்துவமனைக்குள்ளும் பல்கலைக்கழகத்துக்குள்ளும் விடாமல் கதவை அடைத்துவிட்டு, உள்ளே வந்து ஆய்வு செய்யவில்லையே என்று கேட்பது அநியாயம். இந்த வாதத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அது என் வாதத்தைப் பலவீனப்படுத்தவில்லை. முறைகள் ஏன் சோதிக்கப்படாமலே பெருகின என்பதற்கு இன்னொரு காரணத்தைத் தருகிறது. கதவு திறந்தபிறகு நடந்ததையும் பார்க்க வேண்டும். மேலே சொன்ன 2003, 2004, 2015 ஆய்வுகள் எல்லாவற்றிலும் கைரோபிராக்டர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. தங்கள் ஆசான்கள் சொன்னதைத் தாங்களே சோதித்து, வந்த முடிவை மறைக்காமல் வெளியிட்டவர்கள் அவர்கள். பிரிட்டனில் கைரோபிராக்டர்களைச் சட்டப்படி நெறிப்படுத்தும் பொதுப் பேரவையே 2010இல், சப்லக்சேஷன் என்பது வரலாற்றுக் கருத்து, அது நோய்க்குக் காரணம் என்பதற்கு மருத்துவ ஆய்வுச் சான்று இல்லை என்று சொல்லிவிட்டது. தொழிலின் மிகச் சிறந்த தலைமுறை இதுதான் என்பது என் எண்ணம்.

அரசுகளும் இதில் குற்றமற்றவை இல்லை. அமெரிக்க அரசு முதியவர்களுக்குத் தரும் மெடிகேர் காப்பீடு 1972இல் கைரோபிராக்டிக்கைச் சேர்த்துக்கொண்டபோது, எக்ஸ்ரேயில் சப்லக்சேஷன் தெரிந்தால்தான் பணம் என்று நிபந்தனை வைத்தது. யாரும் நிரூபிக்காத ஒன்றைப் படத்தில் காட்டச் சொல்லிச் சட்டமே கேட்டது. 2000ஆம் ஆண்டு வரை அந்த நிபந்தனை நீடித்தது. அத்தனை ஆண்டும் முதியவர்கள் தேவையில்லாமல் கதிர்வீச்சுக்கு உள்ளானார்கள். கோடு போட்டு எக்ஸ்ரே படிக்கும் முறைகளுக்கு அரசு முத்திரை குத்தியதுபோலவும் ஆனது.

இன்னொரு மறுப்பு நோயாளியின் பக்கத்திலிருந்து வருவது. எழுபது வயதில் எலும்பு தேய்ந்து மெலிந்த ஒரு அம்மாவையும், கால்பந்து ஆடும் இருபது வயதுப் பையனையும் ஒரேமாதிரி தள்ள முடியுமா? அப்படியானால் முறையைத் தேர்ந்தெடுப்பது தேவைதானே? தேவைதான். ஆனால் இங்கே தேர்ந்தெடுப்பது விசையின் அளவை, பள்ளியை இல்லை. எலும்பு மெலிந்தவரை வேகமாகத் தள்ளக்கூடாது. மேசையை இறக்கிச் செய்யலாம், கட்டை வைத்துச் செய்யலாம், சும்மா மெதுவாக அசைத்துவிடலாம், அல்லது கையே வைக்காமல் நடக்கவும் பயிற்சி செய்யவும் சொல்லி அனுப்பலாம். தொழிலில் இருப்பவர்களே நடைமுறையில் இப்படித்தான் செய்கிறார்கள். அமெரிக்கக் கைரோபிராக்டர்களில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டோர் பயன்படுத்தும் டைவர்சிஃபைட் என்பது, யாருடைய பெயரும் ஒட்டாத, பல பள்ளிகளிலிருந்து எடுத்துக் கலந்த கைவேலை. பெயர்ப் பலகையில் எந்த முறை எழுதியிருந்தாலும் உள்ளே பெரும்பாலும் நடப்பது கலப்புதான்.

பிடித்த முறையில் போனால் மனநிறைவு கிடைக்கிறது, அதற்கு மதிப்பில்லையா என்பது மூன்றாவது மறுப்பு. 1998இல் சியாட்டிலில் 321 பேரை வைத்து நடந்த ஆய்வு இதற்கு நல்ல வெளிச்சம் தருகிறது. கைரோபிராக்டிக், மெக்கன்சி என்ற உடற்பயிற்சிச் சிகிச்சை, ஒரு சிறு கையேடு ஆகிய மூன்றில் ஒன்று ஒவ்வொருவருக்கும் கிடைத்தது. முதல் இரண்டுக்கும் பலனில் வித்தியாசம் இல்லை. கையேட்டைவிடக் கொஞ்சம்தான் மேல். ஆனால் தங்களுக்குக் கிடைத்த கவனிப்பு மிக நன்று என்று சொன்னவர்கள் கைரோபிராக்டிக்கில் சுமார் 75 சதவீதம், உடற்பயிற்சியிலும் ஏறக்குறைய அதே அளவு, கையேடு பெற்றவர்களில் 30 சதவீதம். ஒருவர் உட்காரவைத்துக் கேட்டு, வலிக்கும் இடத்தைத் தொட்டுப் பார்த்து, அடுத்த வாரம் வாருங்கள் என்று சொல்வது மனிதருக்கு வேண்டியிருக்கிறது. பரபரப்பான மருத்துவமனைகள் அதைக் கொடுக்கத் தவறியது உண்மையான குறை. ஆனால் அந்த மனநிறைவு இரண்டு வேறு சிகிச்சைகளிலும் ஒரே அளவில் கிடைத்திருக்கிறது. அதைக் கான்ஸ்டெட்டின் கணக்கிலோ தாம்ப்சனின் கணக்கிலோ எழுத முடியாது.

எனவே தேர்ந்தெடுக்க நிற்பவர் கேட்க வேண்டியது வேறு. எனக்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கிறீர்கள், எத்தனை வாரத்தில் மாற்றம் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்கலாம். பரிசோதனைக்கு முன்பே ஆறு மாதத் தொகுப்புக் கட்டணம் பேசுகிறவரிடமும், வருகிறவர் எல்லாருக்கும் முழு முதுகெலும்பு எக்ஸ்ரே எடுக்கிறவரிடமும் எழுந்துவிடலாம். முதுகுவலிக்குச் செய்வதையே குழந்தையின் காது நோய்க்கும் ஆஸ்துமாவுக்கும் செய்வேன் என்கிறவர், 1910இல் அச்சான பால்மரின் நூலைத்தான் இன்னும் நடைமுறைப்படுத்துகிறார். கழுத்தை வேகமாகத் திருப்பும் சிகிச்சை பற்றித் தனியாகக் கேட்க வேண்டும். மூளைக்குப் போகும் கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. கிழிசல் ஏற்கெனவே தொடங்கி, அந்தக் கழுத்துவலியோடுதான் பலர் சிகிச்சைக்கே வருகிறார்கள் என்று 2008இல் ஒன்டாரியோவின் பெரிய ஆய்வு விளக்கம் தந்தது. கிழிசல் உள்ள கழுத்தைத் திருப்புவது ஆபத்து என்பதை அந்த விளக்கம் மாற்றாது. திடீரென்று இதுவரை வராத மாதிரி கழுத்துவலி, தலைச்சுற்றல், பேச்சுக் குழறல் இருந்தாலோ, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போய்ச் சிறுநீர் கட்டுக்கடங்காமல் போனாலோ, எந்த மேசையிலும் படுக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.